விட்டுப்போன 'ஆயின்'

நமது குலசேகரன்பட்டினத்தில் மீலாது மேடை ஏறும் எவரும் காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் பெயரைச் சொல்லாமல் இறங்குவது அரிது. 1896-ஆம் ஆண்டில் அவர்கள் பிறந்த பேட்டை, திருநெல்வேலிப் பட்டணத்தை ஒட்டியது. 1986-இல் மாவட்டம் பிரிந்து நம்மூர் தூத்துக்குடியோடு சேர்ந்த பின்னரும், அவர்களை 'நம்ம பக்கத்தார்' என்று உரிமையோடு சொல்லும் வழக்கம் நம்மிடையே மாறவில்லை. அந்த உரிமையில் நாம் செய்த ஒரு பிழையைப் பற்றியே இக்கட்டுரை.

இந்திய அரசியல் நிர்ணய சபையில் 'தமிழையே இந்தியாவின் ஆட்சிமொழியாக்குங்கள்' என்று காயிதெ மில்லத் முழங்கினார்கள் என நாம் பல மேடைகளில் பேசியிருக்கிறோம். நம் உஸ்தாது சொல்லக் கேட்டோம். அவர் வேறொருவர் சொல்லக் கேட்டிருப்பார். கூட்டம் கைதட்டியது. கைதட்டலைவிட வேறு ஆதாரம் வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

சென்ற ஆண்டு நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் இச்செய்தியை ஒரு பேச்சுப் போட்டியில் எடுத்துரைத்தார். நடுவராக இருந்த பெரியவர், "தம்பி, எந்தத் தேதியில், எந்தத் தீர்மானத்தின்மீது அவர் அப்படிப் பேசினார்?" என்று அமைதியாகக் கேட்டாராம். மாணவருக்கு விடை தெரியவில்லை. மறுநாள் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை" என்றார். அந்தப் பிள்ளையின் பெருந்தன்மை நம்மைத் தலைகுனிய வைத்தது.

அதன்பின்னரே சபை விவாதப் பதிவுகளைத் தேடிப் படித்தோம். நமது ஆங்கிலம் மதரஸாவை விட்டு வெளியேறியபின் தட்டுத்தடுமாறிக் கற்றது. ஆதலால் மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, அகராதியும் கையுமாக வரிவரியாகப் பார்த்தோம்.

மொழி பற்றிய விவாதம் 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை நடந்தது. தேவநாகரி எழுத்தில் இந்தி ஆட்சிமொழி என்றும், ஆங்கிலம் 15 ஆண்டுகள் நீடிக்கலாம் என்றும் முடிவாயிற்று. லட்சுமி காந்த மைத்ரா போன்றோர் சமஸ்கிருதமே ஆட்சிமொழியாக வேண்டும் என்று வாதாடிய சபை அது. அங்கே இஸ்மாயில் சாஹிப் அவர்கள் எழுந்து வைத்த வாதம் இதுதான்: தொன்மைதான் அளவுகோல் ஆயின், இம்மண்ணில் பேசப்படும் மொழிகளில் முந்தியது தமிழே, திராவிட மொழிகளே. அது தம் தாய்மொழி என்றும், அதனை நேசிப்பதாகவும், அதில் பெருமை கொள்வதாகவும் தயக்கமின்றிச் சொன்னார்கள். ஆயினும் ஆட்சிமொழியாக அவர்கள் ஆதரித்தது, காந்தியடிகள் வலியுறுத்தி வந்த இந்துஸ்தானியை. தேவநாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும்.

நாம் திகைத்துப் போனோம். முப்பது ஆண்டுகளாக நஹ்வு இலக்கணம் கற்பிக்கிறோம். 'இன்', 'லவ்' எனும் ஷர்த்துடைய சொற்களைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது, ஷர்த்தை விட்டுவிட்டு ஜவாபை மட்டும் எடுத்தால் பொருள் பாழாகிவிடும் என்று எத்தனை முறை எச்சரித்திருப்போம்! அந்த நாமே ஒரு மாமனிதரின் பேச்சில் 'ஆயின்' என்ற சொல்லை விழுங்கிவிட்டு எஞ்சியதைக் கூவியிருக்கிறோம். ஹதீஸ் கலையில், அறிவிப்பாளரின் சொல் மூலச் செய்தியோடு கலந்துவிட்டால் அதனை முத்ரஜ் என்பர். நமது மேடைகளில் எத்தனை முத்ரஜ்கள் உலவுகின்றனவோ, அல்லாஹ்வே அறிவான்.

பதிவேட்டைத் திறந்தபின் ஒரு பேச்சோடு நிற்க மனம் வரவில்லை. 1948 நவம்பர் 23-ஆம் நாள் விவாதத்தையும் படித்தோம். பொதுச் சிவில் சட்டம் பற்றிய வரைவு 35-ஆவது பிரிவு அன்று வந்தது. இன்று அது 44-ஆவது பிரிவு. எந்தச் சமூகத்தாரும் தமக்குரிய தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்ற திருத்தத்தை இஸ்மாயில் சாஹிப் அவர்கள் கொண்டுவந்தார்கள். முஸ்லிம்கள் என்று மட்டும் சொல்லாமல் எல்லாச் சமூகத்தாருக்கும் பொருந்துமாறு அதனை அமைத்திருந்தார்கள். செர்பியர், குரோவேஷியர், ஸ்லோவேனியர் ஆகியோரின் அரசு முதல் உலகப் போருக்குப்பின் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் முஸ்லிம்களின் குடும்பச் சட்டத்துக்கு உறுதியளித்திருந்ததை எடுத்துக்காட்டினார்கள். பேட்டையில் பிறந்தவர் ஐரோப்பிய ஒப்பந்தத்தை ஆதாரமாக வைத்து வாதாடிய அந்தப் பக்கத்தைப் பற்றி நாம் எந்த மேடையிலும் பேசியதில்லை.

மறுதரப்பையும் சொல்வதே நீதி. கே.எம். முன்ஷி, அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் ஆகியோர் எதிர்த்துப் பேசினர். டாக்டர் அம்பேத்கர் அவர்களின் விடை நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது. வடமேற்கு எல்லை மாகாணத்து முஸ்லிம்கள் 1935 வரை வாரிசுரிமை போன்றவற்றில் இந்துச் சட்டத்தையே பின்பற்றி வந்தனர் என்றும், வட மலபாரில் மருமக்கத்தாயம் முஸ்லிம்களிடையேயும் இருந்தது என்றும் அவர் காட்டினார். அதே வேளையில், விரும்பி ஏற்போருக்கு மட்டும் அச்சட்டம் பொருந்துமாறு எதிர்காலப் பாராளுமன்றம் தொடங்கலாம் என்றும் கூறினார். திருத்தம் தோற்றது. எனினும் கேட்டவருக்கும் மறுத்தவருக்கும் இடையே ஒரு வசைச்சொல்கூட நம் கண்ணில் படவில்லை. தோற்ற திருத்தமும் அச்சேறி, எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் ஒரு மதரஸா ஆசிரியரின் மேசைக்கு வந்துசேர்ந்திருக்கிறது. சபையில் பேசுவதன் பயன் வாக்கெண்ணிக்கையோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அவர்கள் 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் இருந்தார்கள். பின்னர் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்து மஞ்சேரி மக்கள் அவர்களை மக்களவைக்கு அனுப்பினார்கள். 1972 ஏப்ரலில் மறையும்போதும் அத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார்கள். தமிழைத் தாய்மொழி என்று பெருமையோடு சபையில் சொன்னவரை, மலையாளம் பேசும் மக்கள் மூன்று முறை தம் குரலாகத் தேர்ந்தனர். தம் மொழியை நேசித்து, அதனைப் பிறர்மேல் சுமத்த எண்ணாத ஒருவருக்கே இது வாய்க்கும். நாம் கூட்டிச் சொன்ன கதையைவிட இவ்வுண்மை பெரிதல்லவா?

இவ்வாண்டு மீலாது மேடையில் நமது பிழையை வெளிப்படையாகச் சொன்னோம். கைதட்டல் இல்லை. கூட்டம் கலைந்தபின் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். "ஆலிம்சா, நல்ல சேதிதானே, அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. பெருமையைக் குறைப்பானேன்?" என்றார். அவருடைய வருத்தம் நமக்குப் புரிந்தது. அவரும் அக்கதையோடு வளர்ந்தவர். "காக்கா, மரித்தவர்கள் வந்து 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று மறுக்க முடியாது. அவர்களுடைய சொல் நம் கையில் அமானிதம்" என்றோம். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்படியானால் அந்த ஏட்டை என் பேரனுக்கும் கொடுங்கள், அவன் இங்கிலீஷ் படிக்கிறான்" என்றார்.

கொடுத்திருக்கிறோம். போட்டியில் விடையறியாது நின்ற மாணவரும் அப்பேரனும் இப்போது வெள்ளிதோறும் அஸருக்குப்பின் பள்ளித் திண்ணையில் அமர்ந்து படிக்கின்றனர். பொருள் புரியாத இடங்களில் நம்மைக் கேட்பார்கள். நமக்கும் புரியாவிடில் மூவருமாக அகராதியைப் புரட்டுகிறோம்.