ஞாயிற்றுக்கிழமை கறியும் வடலூர் அடுப்பும்

கடலூர்க்காரனிடம் போய் மீனை விடச் சொன்னால் அடிக்க வருவான். முதல் ஆளாக நானே வருவேன். முதுநகர் துறைமுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வஞ்சிரத்தை மறக்க முடியுமா? நான் சொல்வது குறைப்பதைப் பற்றி மட்டும்தான், அதிலும் முக்கியமாக மட்டனை.

எங்கள் மாவட்டத்தில் இந்தப் பேச்சு வள்ளலாரைத் தொடாமல் முடியாது. சிதம்பரம் பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்தவர். 1867இல் வடலூரில், பசித்தவர்களுக்குச் சோறு போடும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. புலால் கூடாது என்பதில் கறாரானவர்தான். ஆனால் புலால் உண்பவன் பசியோடு வந்தாலும் சோறு போடு என்றார். முதலில் பசி, பிறகுதான் புலால்: எனக்குப் பிடித்தது இந்த வரிசைதான். இன்றைய சைவப் பிரசாரகர்கள் பலருக்கு இது பிடிபடுவதில்லை.

உடம்புக் கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. ஆடு, மாட்டுக் கறிக்கு 'உண்டாக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை.

கறி இல்லாத ஞாயிறுக்குச் சிதம்பரம் கைகொடுக்கிறது. மிளகு சீரகம் பொடித்துப் போட்டு, நெய் விட்டுக் கிளறிய சம்பா சாதம். பக்கத்தில் நல்லெண்ணெய் மிதக்கும் கத்திரிக்காய் கொத்சு. மட்டன் விலைக்கு இது மூன்று வேளைக்கு வரும்.

கறிக்கடை பாய்தான், "என்ன சார், ஊர்லயே இல்லையா?" என்கிறார்.