சைனேட் மேட்டில் ஒரு ஞாயிறு

பங்காருப்பேட்டையிலிருந்து கிளைப்பாதையில் திரும்பிய ரயிலில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம் இல்லை. பத்து வயதுச் சிறுமி சன்னலோரம் அமர்ந்து நிலையப் பலகைகளைக் கன்னடத்தில் வாசித்துக்கொண்டே வந்தாள்: கோரமண்டல், உரிகம், சாம்பியன். எதிரில் இருந்த தந்தை ஒவ்வொரு பெயரையும் பலகை கண்ணில் படுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். அவளுக்கு அது ஒரு விளையாட்டாகத் தோன்றியது. பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவளுக்கு வீட்டுப் பேச்சு, எழுத்து வராது. பாட்டியும் பெங்களூருக்கே வந்துவிட்ட பிறகு பிறந்த அவளை இங்கே அழைத்துவர இதுவரை காரணம் ஏதும் ஏற்படவில்லை. இப்போது ஏற்பட்டதும் குடும்பக் காரணம் அன்று. 2018-இலும் 2022-இலும் வெளிவந்த கன்னடத் திரைப்படம் இரண்டையும் கைப்பேசியில் பலமுறை பார்த்துவிட்டு, "கேஜிஎஃப் பார்க்கணும்பா" என்று அவள் அடம்பிடித்ததுதான்.

மாரிக்குப்பத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தார்கள். சிறுமி கன்னடத்தில் கேட்டாள். ஓட்டுநர் தமிழில் பதில் சொன்னார். இருவருக்கும் அதில் வியப்பு ஏதும் இல்லை.

சுற்றிப் பார்க்கும் ஊர் என்றால் ஏறிப் பார்க்க ஒரு மலையோ கால் நனைக்க ஒரு கடலோ இருக்க வேண்டும். தங்கவயலில் பார்க்கத் தக்கது பெரும்பாலும் தரைக்குக் கீழே இருந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டு, நீர் இறைக்கும் பம்புகள் நின்றபின், சுரங்கங்களில் நீர் ஏறிவிட்டது. மேலே எஞ்சியிருப்பவை பூட்டிய கதவுகளும், துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களும், கூரை இழந்த கட்டடங்களும்தான். ஒரு தந்தை தம் குழந்தைக்கு எதைக் காட்டுவார்?

முதலில் அவர் ஒரு கோபுரத்தைக் காட்டினார். பூட்டிய வாயிலுக்கு வெளியே நின்றபடிதான் காட்ட முடிந்தது. "தாத்தா இங்கிருந்துதான் கேஜ்ல கீழே போவாரு." அவர் 'சுரங்கம்' என்ற சொல்லை அன்று ஒருமுறையும் சொல்லவில்லை. மைன்ஸ், ஷாஃப்ட், கேஜ், ஷிஃப்ட், லைன் என்பவையே அவருடைய தமிழ். அகராதியில் உள்ள சொல் புத்தகத்திற்கு உரியது. இவை தொழிலில் புழங்கியவை.

"எவ்வளவு கீழே?"

"மூணு கிலோமீட்டருக்கு மேல."

அவள் சற்று யோசித்தாள். "நம்ம வீட்லேருந்து ஸ்கூல் வரைக்குமா?"

"அவ்வளவு தூரம்தான். ஆனா நேரா கீழே."

சாம்பியன் ரீஃப் சுரங்கம் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக இருந்தது. அதன் அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். அதே சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிவியலாளர்களும் கருவிகளை நிறுவி, 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தார்கள். வேறு துகள்கள் ஊடுருவ இயலாத அளவுக்குத் தலைக்கு மேல் பாறை வேண்டியிருந்தது. அந்தப் பாறைக்கு அடியில் தொழிலாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். இயற்பியல் வரலாற்றில் இந்த நிகழ்வுக்கு இடம் உண்டு. கேஜை இறக்கியவர்களின் பெயர் அந்த வரலாற்றில் இல்லை.

மின்சாரக் கதை சிறுமிக்கு மிகவும் பிடித்தது. 1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் இந்த வயலுக்குத்தான் வந்தது, பெங்களூருக்கு 1905-இல்தான். "அப்போ நம்ம ஊர் இருட்டா இருந்துச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள். 'நம்ம ஊர்' என்று அவள் சொன்னது பெங்களூரை. தந்தை திருத்தவில்லை. இன்று விடியற்காலையில் தங்கவயல்காரர்கள் ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு வேலைக்குச் செல்வதும் அந்த ஊருக்குத்தான். மணமாகும்வரை அவரும் சென்றார்.

பங்களாக்கள் இருந்த பகுதியில் அவர்கள் நிற்கவில்லை. ஊரைப் பற்றி எழுதுவோர் எல்லோரும் 'குட்டி இங்கிலாந்து' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தபின், வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சாரி சாரியாக வந்தவர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், குடியிருந்த லைன் வீடுகளில் படம் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு அறை, அதற்கு முன்னால் ஒரு சாய்ப்பு. தாம் பிறந்த வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் இருந்ததால் தந்தை தெருமுனையிலேயே நின்றார்.

சாம்பியன் ரீஃபில் நடந்தபோது தாத்தாவின் தகரப்பெட்டியைப் பற்றிச் சொன்னார். அதில் மூன்று பழைய நூல்கள் இருந்தன; மூன்றும் அயோத்திதாசப் பண்டிதருடையவை, இதே சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டவை. 1914-இல் பண்டிதர் மறைந்த பின்னரும் அவருடைய எழுத்தை அச்சில் வைத்திருந்தது சென்னையைவிட இந்தச் சுரங்க ஊர்தான் என்று சொல்வது மிகையாகாது. தமிழ்ச் சிந்தனை வரலாற்றைப் படிப்போர் இங்கு ஒருமுறையேனும் வந்து நிற்பது நல்லது.

"அந்த புக் இப்ப எங்க?"

"நம்ம வீட்ல, பீரோ மேல."

"நான் படிச்சதே இல்லையே."

"நீ எப்படிப் படிப்ப, பாப்பா?" என்றவர், அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என நினைத்தவர்போல், அவளுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

வெயில் ஏறியபிறகு, அவள் எதற்காக வந்தாளோ அந்த இடத்திற்கு வந்தார்கள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய கழிவு, நூறாண்டுகளாகக் கொட்டிக் கொட்டிக் குன்றுகளாகிவிட்டது. அப்படி 13 குன்றுகள், மூன்று கோடி டன்னுக்கும் மேல். தந்தையின் நாவில் அது 'சைனேட்'. திரைப்படத்தின் ஒரு பகுதி இங்கேதான் எடுக்கப்பட்டது. சிறுமி ஓடிப்போய்ப் பாதிவரை ஏறி, கைகளை விரித்து, படத்தில் வரும் நாயகனின் நடையை நடந்து காட்டினாள். படம் எடுத்தார். பிறகு அவள் உட்கார்ந்து சறுக்கப் போனாள்.

"வேணாம், எழுந்திரு."

"நீங்க சின்ன வயசுல சறுக்குனீங்கன்னு பாட்டி சொன்னாங்களே. சாக்குப்பையில உக்காந்து."

சறுக்கினார்தான். மாலை முழுவதும் சறுக்கிவிட்டு, புருவத்தில் வெண்மையோடு வீட்டுக்கு வருவார். காற்றடிக்கும் மாதங்களில் சோற்றில்கூட அந்தத் தூள் நறநறக்கும். அப்பொழுது யாரும் தடுக்கவில்லை; வேறு விளையாட்டிடமும் இல்லை. இவற்றை அவளிடம் எந்த வரிசையில் சொல்வது என்று தெரியாமல் அவர் நின்றார். பிறகு கீழே உட்கார்ந்து சொன்னார்.

தாத்தா முப்பத்தாறு ஆண்டுகள் கீழே இறங்கினார். கல்லைத் துளைக்கும்போது எழும் தூசி நெஞ்சில் தங்கிவிடும். அது கரையாது, வெளியேயும் வராது. வீட்டில் அதை நெஞ்சுச்சளி என்றார்கள். ஒரு மருத்துவமனையின் சீட்டில் காசநோய் என்று எழுதியிருந்தார்கள். இருமல், மெலிவு, மூச்சுத்திணறல் எல்லாம் இரண்டுக்கும் பொது. எக்ஸ்ரே நிழலில்கூடக் குழப்பம் நேரும். ஆனால் சிலிகோசிஸ் என்று எழுதினால் அது தொழிலால் வந்த நோய், இழப்பீட்டுக்கு உரியது. காசநோய் என்று எழுதினால் அது அவரவர் தலையெழுத்து. சுரங்கத் தூசி நுரையீரலைக் கெடுப்பது இந்த ஊரில் 1940-களிலேயே மருத்துவர்கள் அறிந்திருந்த செய்தி. தாத்தா இறந்தது 2008-இல்.

இவ்வளவையும் அவர் அவளிடம் சொல்லவில்லை. "இந்தத் தூள்தான் தாத்தா மூச்சை அடைச்சுது" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நுணுகிப் பார்த்தால் அது சரியன்று: தாத்தாவை அடைத்தது கீழே பறந்த தூசி, இது மேலே கொட்டியது. பாறை ஒன்றே.

அவள் எழுந்து பாவாடையைத் தட்டினாள். பிறகு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டு, அதை அவரிடம் நீட்டினாள்.

மாரிக்குப்பம் நிலையத்தில், மிச்சமிருந்த இட்லிக்காகப் பையைத் துழாவியபோது சிற்றுண்டி டப்பா கனத்தது. திறந்தார். பாதிவரை சாம்பல்நிறத் தூள். "ஸ்கூல்ல காட்டணும்பா," என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே. "தாத்தா தோண்டுனதுன்னு சொல்லுவேன்."

நடைமேடையின் கடைசிவரை நடந்து சென்று அவர் டப்பாவைக் கவிழ்த்தார். காற்று இருந்தது, தூள் தரையில் விழாமல் லைன் வீடுகளின் பக்கமாகப் போயிற்று. அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் பேசவும் இல்லை. குழாயடியில் டப்பாவை அவர் மூன்றுமுறை கழுவி, அவள் கைகளையும் கழுவிவிட்டார்.

"அந்த புக்ல முதல் எழுத்து என்னப்பா?" என்று கேட்டாள். வண்டி வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஈரம் காயாத விரலால் அவர் சிமெண்டு இருக்கையில் எழுதத் தொடங்கினார்.