ஆறு சக்கரத்தில் ஒரு வீடு

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)

நண்பர்களே, ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் என்னைத் துரத்திய கதை ஹாஸ்டல் முழுக்கத் தெரியும். "நம்ம செட்டுல அமெரிக்கா போய்ட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்டா, ரெண்டு பக்கம் எழுதினா குறைஞ்சா போயிடுவே?" என்று மெஸ் வாசலில் மறித்துக் கேட்டான். பயணக் கட்டுரை என்றால் விமானம், கட்டடம், கடற்கரை என்று எழுதுவார்கள். நான் எழுதப் போவது ஒரு வண்டியைப் பற்றி. அதோடு, முதலாமாண்டில் உங்கள் எல்லாரிடமும் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியும்.

அக்காவின் பிரசவத்துக்காக அம்மா 2024 செப்டம்பரில் ஃபுளோரிடா போயிருந்தாள். தனியாகத் திரும்பி வர அவளுக்குப் பயம். இங்கிலீஷ் தெரியாது, விமானம் மாற வேண்டும். அதனால் டிசம்பர் செமஸ்டர் லீவில் நான் போய் அழைத்து வருவது என்று முடிவாயிற்று. டிக்கெட் மாமா (அக்கா வீட்டுக்காரர்) எடுத்தார். அப்பா வரவில்லை. "நான் வந்துட்டா வண்டி யார் ஓட்டறது?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். விசா வாங்கிய கதையைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும், விட்டுவிடுகிறேன்.

அக்கா இருப்பது டாம்பா என்ற ஊரில். அங்கே டிசம்பர்தான் வெளியே சுற்றும் காலம். மழை நின்று, கொசு குறைந்து, வெயிலும் இதமாக இருக்கும். மாமாவுக்கு எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் இரண்டு இரவு தங்கி சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. மூன்று மாதக் குழந்தையையும் அம்மாவையும் கூடாரத்தில் படுக்க வைக்க முடியுமா? ஆகவே மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்.

அந்த வண்டியைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஃபோர்டு ஈ-450 சேசிஸ். 6.8 லிட்டர், பத்து சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். பின்னால் டூயல் வீல், ஆக மொத்தம் ஆறு சக்கரம். சேசிஸின் மேலே ஒரு முழு வீடு! அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, மூன்று படுக்கை. டிரைவர் தலைக்கு மேலே பரண் போல ஒரு படுக்கை, அதுதான் எனக்கு. நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. அம்மா உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, "அடுப்புக்குப் பக்கத்துலயா கக்கூஸு? நல்லாத்தான் கட்டியிருக்காங்க வீடு!" என்று கதவை இழுத்துச் சாத்தினாள். கடைசி நாள் அந்த டேங்குகளைத் திறந்துவிடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் கழிவறை டேங்க், பிறகு சோப்புத் தண்ணீர் டேங்க். சோப்புத் தண்ணீர் வந்து ஹோஸைக் கழுவிவிடும். இதை யார் கண்டுபிடித்தானோ, அவனுக்கு நான் ஒரு சல்யூட் வைத்தேன்.

ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்லாவிட்டால் நம் டிபார்ட்மெண்டில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியா வைத்த அப்சார்ப்ஷன் டைப். கேஸ் தீ எரிகிறது, அந்தச் சூட்டில் உள்ளே ஐஸ் உறைகிறது. படம் வரைந்து பாகம் குறித்து ஐந்து மார்க் வாங்கியதோடு மறந்துபோன சமாசாரம், கண்ணெதிரே பாலைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. வண்டி சமமாக நின்றால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும் என்பதால் சக்கரத்தடியில் கட்டை கொடுத்து மட்டம் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்தில் லாங் பைன் கீ என்ற முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். பூங்காவின் ஹோம்ஸ்டெட் பக்கத்து வாசலிலிருந்து கொஞ்ச தூரம், பைன் மரக் காடு. நமக்கு ஒதுக்கிய இடத்தில் வண்டியைப் பின்பக்கமாக விட வேண்டும். மாமா கம்ப்யூட்டர் ஆள், கார் தவிர வேறு ஓட்டியதில்லை. கண்ணாடியைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் பின்னால் போனேன். அடுத்து நடந்தது என்னை அறியாமல் நடந்தது. "வா... வா... வா... ரைட்ல ஒடி... நேரா வா... போதும்!" என்று கத்தி, பாடியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

மாமா இறங்கி வந்து சிரித்தார். "மாப்ளே, கிளீனரா எங்கயாச்சும் போயிருக்கியா?"

"அதெல்லாம் இல்லீங்க மாமா" என்றேன்.

உள்ளேயிருந்து அம்மா: "இல்லாம என்ன? பத்தாவது லீவுல அவங்கப்பாகூட ரெண்டு டிரிப்பு நாக்பூர் வரைக்கும் போனானே!"

நண்பர்களே, பொய் இதுதான். முதலாமாண்டு முதல் வகுப்பில் ஒவ்வொருவராய் எழுந்து அறிமுகம் செய்துகொண்டோமே, ஞாபகம் இருக்கிறதா? "அப்பா டிரான்ஸ்போர்ட் பிசினஸ்" என்றேன். நம்மில் சிலர் என்னிடம் "எத்தனை வண்டிடா?" என்றுகூடக் கேட்டீர்கள். சிரித்து மழுப்பினேன். வண்டி ஒன்றுகூட எங்களுடையதல்ல. அப்பா நாமக்கல்லில் ஒருவரிடம் 12 சக்கர வண்டிக்கு டிரைவர். வடநாட்டு லைன். மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அக்காவை இன்ஜினியரிங் படிக்க வைத்ததும், என் ஹாஸ்டல் ஃபீஸும் அந்த ஸ்டியரிங்கில் வந்ததுதான்.

அன்றிரவு குளிர்காற்று இறங்கியது. பத்து டிகிரிக்கும் கீழே. அமெரிக்காவுக்கு அது குளிரே இல்லை என்பார்கள், நாமக்கல்காரனுக்குப் போதும். பரணில் நிமிர்ந்து உட்கார முடியாது, தலை இடிக்கும். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கீழே குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "உங்கப்பா இருவத்தஞ்சு வருசமா இப்படித்தான் படுக்கறாரு சாமி. காலை நீட்ட முடியாது" என்றாள். "கல்யாணமான புதுசுல என்னையக் கேபின்ல உக்கார வெச்சுப் பழனிக்குக் கூட்டிட்டுப் போனாரு. வழியில ஒரு புளியமரத்தடியில ஸ்டவ்வு பத்த வெச்சு அவரேதான் சோறாக்கினாரு." இந்தக் கதையை நான் அதுவரை கேட்டதே இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிவிட்டதாக நினைத்திருப்பாள்.

இரவு 2 மணி இருக்கும். ஹீட்டர் விசிறியின் சத்தம் மெலிந்து, இழுத்து, நின்றுபோயிற்று. விளக்கும் மங்கல். கொஞ்ச நேரத்தில் உள்ளே சில்லென்று ஆகிவிட்டது. குழந்தை அழ ஆரம்பித்தான். மாமா வாடகைக்காரர்களின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். காட்டுக்குள் சிக்னல் இல்லை. இந்த முகாமில் வண்டிக்கு மின் இணைப்பு தருவதில்லை. இரவு ஜெனரேட்டரும் போடக்கூடாது. இன்ஜினை ஓடவிட்டு முன்னால் ஹீட்டர் போட்டு உட்காருவதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டோம். பச்சைக் குழந்தை இருக்கும் இடத்தில் புகையை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த ஹீட்டர் எரிவது கேஸில். ஆனால் விசிறி ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில். விசிறிக் காற்று போதிய வேகத்தில் வந்து ஒரு சின்னத் தகடு ஸ்விட்சைத் தள்ளினால்தான் கேஸ் வால்வு திறக்கும். பாதுகாப்புக்காக அப்படி. ஆக, கேஸ் சிலிண்டர் நிறைய இருந்தும் பேட்டரி சரியில்லை என்றால் குளிர்தான்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஏறும் படிக்கு அடியில் இருந்த பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. கிளாம்ப் விரலால் அசைத்தாலே ஆடியது. பேசிக் எலக்ட்ரிக்கலில் படித்ததுதான்: விசிறி 8 ஆம்பியர் இழுக்கிறது, பூத்த முனையில் 0.2 ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 8 × 0.2 = 1.6 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஓம் விதி ஞாபகம் வரவில்லை. அப்பா ஞாபகம்தான் வந்தது. நாக்பூர் டிரிப்பில் ஒரு விடிகாலை செல்ஃப் எடுக்காமல் நின்றபோது, டீக்கடையில் ஒரு செம்பு கொதிதண்ணீர் வாங்கி வந்து டெர்மினலில் ஊற்றினார். உப்பு கரைந்து ஓடியது. "பேட்டரி செத்துப்போச்சுன்னு எல்லாம் சொல்லுவான். மொதல்ல வாயைக் கழுவிப் பாரு" என்றார்.

அம்மாவிடம் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னேன். கேஸ் அடுப்புக்குப் பேட்டரி வேண்டாம், லைட்டர் போதும். வண்டியில் ஒரு டூல்கூட இல்லை. சைக்கிளுக்காக மாமா வாங்கி வைத்திருந்த கிட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ ஸ்பேனர் இருந்தது. ஹீட்டர், லைட் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, நெகட்டிவை முதலில் கழற்றி, கொதிதண்ணீர் ஊற்றி, பழைய டூத்பிரஷால் தேய்த்து, துணியால் ஈரம் ஒற்றி, திரும்ப மாட்டி இறுக்கினேன். மறுபடி பூக்காமலிருக்க மேலே கிரீஸ் தடவ வேண்டும். கிரீஸுக்கு எங்கே போவது? அக்கா குழந்தைக்குத் தடவும் வாசலின் டப்பாவை நீட்டினாள்.

ஸ்விட்சைப் போட்டேன். விசிறி 'ஹூ...'ம் என்று முழு வேகத்தில் எழுந்தது. 'டிக் டிக்'கென்று பொறி, பிறகு தீ பிடித்த சத்தம். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எந்த செமஸ்டர்ல மாப்ளே சொல்லித் தர்றாங்க இதை?" என்றார்.

"எங்கப்பா சொல்லிக் குடுத்ததுங்க மாமா."

காலையில் பக்கத்து வண்டித் தாத்தா காப்பிக் கோப்பையோடு வந்தார். ரிட்டயராகி, வீட்டை விற்றுவிட்டு, மனைவியோடு மோட்டார்ஹோமிலேயே வாழ்கிறாராம். ராத்திரி டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தேன், என்ன கோளாறு என்றார். சொன்னேன். யாரிடம் கற்றாய் என்றார். வாயில் 'டிரான்ஸ்போர்ட் பிசினஸ்' வரைக்கும் வந்துவிட்டது. "டிரக் டிரைவர்" என்றேன். எத்தனை சக்கரம், என்ன லோடு, ஒரு டிரிப் எத்தனை மைல் என்று அவர் கேட்ட கேள்விகளுக்கு முடிவே இல்லை. கடைசியில்தான் சொன்னார், தானும் 30 வருஷம் டிரக் ஓட்டியவர் என்று.

சனிக்கிழமை பைன் காட்டு மண்பாதையில் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பும் வழியில் ஷார்க் வேலி. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். சுறாவும் கிடையாது, பள்ளத்தாக்கும் கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை புல், புல்லுக்கடியில் தண்ணீர். தேங்கிய தண்ணீர் போலத் தெரியும், ஆனால் ஆறு. மைலுக்கு இரண்டு அங்குலம்தான் சரிவு என்பதால் ஓடுவது தெரியாது. 1928-ல் டாம்பாவையும் மயாமியையும் இணைத்துப் போட்ட 'டாமியாமி' சாலை இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே அணை போல உட்கார்ந்துவிட்டது. தண்ணீரை விட, 2013-ல் அந்தச் சாலையின் ஒரு மைல் நீளத்தைப் பாலமாக உயர்த்தினார்கள். சிவில் நண்பர்கள் கவனிக்க!

சுற்றுப்பாதை 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர். கார்களுக்கு அனுமதியில்லை, சைக்கிள், நடை, பூங்காவின் டிராம் வண்டி மட்டும். நானும் மாமாவும் கிளம்பினோம். முதல் ஒரு மைலிலேயே அலிகேட்டர்கள்! வேலி கிடையாது. குளிர்ந்த ரத்தப் பிராணி அல்லவா, குளிருக்கு வெயில் காயப் பாதையோரத்தில் டயர் போலக் கிடக்கின்றன. 15 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ஒன்று பாதி ரோட்டை அடைத்துப் படுத்திருந்தது. மாமா பிரேக் போட்டார். அது எழுந்து போக மனசு வைக்கும்வரை எல்லாரும் காத்திருந்தோம். ஹாரன் அடிக்க முடியுமா? கால்வாய்க் கரையில் பாம்புத்தாரா வகைப் பறவைகள் இறக்கையை விரித்து ஈரம் காயவைத்துக்கொண்டிருந்தன. வேடந்தாங்கலில் பார்த்த அதே தோரணை.

பாதி வழியில் சுருள் பாதையோடு ஒரு பார்வைக் கோபுரம். ஏறிப் பார்த்தோம். திரும்பும்போது எதிர்க்காற்று, மாமா கடைசி மூன்று மைல் என்னைத் திட்டிக்கொண்டே மிதித்தார்.

வண்டிக்கு வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன். நமக்கு ராத்திரி பத்தரை. நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் நிறுத்திக் கேபினில் படுத்திருந்தார். அங்கேயும் குளிராம். வண்டியைப் பற்றி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மைலேஜ் என்ன குடுக்குது?"

"லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்கூட வராதுப்பா."

"நம்ம வண்டி இருவது டன் லோடோட அதைக் குடுக்குதே!" என்று சிரித்தார். பிறகு பேட்டரி கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நெகட்டிவை மொதல்ல கழட்டினியா?"

"ஆமாப்பா."

"மேல என்ன தடவினே?"

"பாப்பாவோட வாசலின்."

"அது போதும். சரி வை. நாலு மணிக்கு வண்டி எடுக்கணும்."