புழு நழுவும் இடம்

டெக்ஸாஸின் கிழக்குப் பக்கத்து ஏரிகளில் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடுகிற இரண்டு பேர் சந்தித்தால், மீனைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். புழுவைப் பற்றிய பேச்சு முடியாது. மண்ணில் நெளிகிற புழு அல்ல, பாக்கெட்டில் வருகிற பிளாஸ்டிக் புழு. எந்த நிறம், எத்தனை அங்குலம், வால் நீட்டமா சுருட்டையா என்று எல்லாம் அலசிய பிறகு ஒருவர் குரலைத் தாழ்த்தி அந்தக் கேள்வியைக் கேட்பார்: "அது சரி, ஜிக் ஹெட்டில் அது நிற்பதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?"

ஜிக் ஹெட் என்பது தூண்டில் முள்ளின் காதோரம் ஈயத்தை வார்த்துத் தலை வைத்த சாமான். ஒல்லியான புழுக்களுக்கு 1/16 அவுன்ஸ், அதாவது இரண்டு கிராமுக்கும் குறைவான தலை போதும். புழுவின் மூக்கில் முள்ளை நுழைத்து, உடலுக்குள் கொஞ்ச தூரம் ஓட்டி, முனையை வெளியே எடுத்தால் வேலை முடிந்தது. பார்க்க அவ்வளவுதான். ஆனால் வீசிய வேகத்தில் புழு அரை அங்குலம் கீழே இறங்கிவிடும். தலைக்கும் புழுவுக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் பாசி சிக்கும். வளைந்துபோன புழு தண்ணீரில் நேராக வராமல் சுழலும். கூடவே தங்கூசியும் முறுக்கிக்கொள்ளும். இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இன்னொன்று: நழுவிய புழு முள்ளின் வளைவில் போய்க் குவிந்து, தண்டுக்கும் முனைக்கும் நடுவே உள்ள வாயை அடைத்துவிடும். மீன் எடுத்திருக்கும், நாம் சுண்டியிருப்போம், முள் மட்டும் இறங்கியிருக்காது.

பாஸ் கடித்துக் கிழிப்பதால்தான் புழு கழன்றுபோகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாஸ் கடிப்பதே இல்லை, உறிஞ்சுகிறது. வாயையும் செவுள் மூடியையும் சட்டென்று விரிக்கும்போது தண்ணீரோடு சேர்ந்து இரையும் உள்ளே போய்விடும். பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். அதன் பற்கள் உப்புத்தாளைத் தடவினால் இருக்கிற சொரசொரப்புதான். உண்மையான எதிரி, உள்ளங்கை அகலமே இருக்கிற புளூகில் மீன். வாய்க்குள் கொள்ளாது என்று தெரிந்தும் வாலைப் பிடித்து டொக் டொக்கென்று இழுத்துக்கொண்டே இருக்கும். என்னோடு ஏரிக்கு வருகிற ராமேஸ்வரத்து அண்ணன், தடியில் அந்தத் துடிப்பு தெரிந்ததும், "தம்பி, வந்துட்டான் வரி வசூலிக்கிறவன்" என்பார்.

இந்தத் தொல்லையெல்லாம் புழு மெத்தென்று இருப்பதால் வருவது. மெத்தென்று இல்லாவிட்டால் அதற்கு வேலையே இல்லை. 1949-இல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் ஊரில் நிக் க்ரீம் என்ற இயந்திரத் தொழிலாளி, மனைவியோடு சேர்ந்து சமையலறை அடுப்பில் வினைலையும் எண்ணெயையும் நிறமியையும் காய்ச்சி, நிஜப் புழுவிலிருந்து எடுத்த அச்சில் ஊற்றினார். விலைக்கு வந்த பிளாஸ்டிக் புழுக்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முன்னிருந்த மரத் தூண்டிலிரைகளும் உலோக இரைகளும் வாய்க்குள் போனதும் பொய் என்று காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் புழு காட்டிக்கொடுக்க ஒரு நொடி கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடியில்தான் சுண்ட வேண்டும். க்ரீம் பிறகு தொழிலை டெக்ஸாஸின் டைலர் நகருக்குக் கொண்டுவந்தார். 1992-இல் 18.18 பவுண்டு, ஏறத்தாழ எட்டேகால் கிலோ எடையில் மாநிலச் சாதனை மீன் கிடைத்த ஃபோர்க் ஏரி அங்கிருந்து ஒரு மணி நேரக் கார் பயணத்துக்குள் இருக்கிறது. நாங்கள் போவதும் அங்கேதான். அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கின்றன. புழுவைப் பிடுங்கிக்கொள்வதில் புளூகிலுக்கு அடுத்த இடம் அவற்றுக்கு.

பாதிப் பிரச்சினை முள்ளில் ஏற்றும்போதே உண்டாகிறது. பாவாடைக்கு நாடா கோத்தவர்களுக்கு இது உடனே புரியும்: ஊக்கைத் தள்ளத் தள்ளத் துணி சுருங்கி ஓரிடத்தில் சேரும், அதை நீவி நீவிப் பின்னால் அனுப்ப வேண்டும். புழுவும் தண்டின் மேல் சுருங்கிக்கொண்டேதான் ஏறும். சுருக்கத்தை எடுக்காமல் விட்டால், முதல் வீச்சிலேயே அது தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். திரும்ப ஒரே வழி, தலையை விட்டு நழுவுவது. அதனால் ஏற்றுவதற்கு முன்பே முள்ளைப் புழுவின் பக்கத்தில் வைத்து, முனை எங்கே வெளியே வர வேண்டும் என்று நகத்தால் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது. மூக்கின் நடுமையத்தில் குத்த வேண்டும். ஓரமாகக் குத்தினால் ஒரு பக்கம் சுவர் மெல்லிசாகி, அங்கேதான் கிழியும். படகு ஆடுகிறது, மீன் எழும்புகிறது என்று அவசரப்படுகிறவர்கள் இந்த ஒரு நிமிடத்தைச் சேமித்து ஒரு பாக்கெட் புழுவை இழக்கிறார்கள்.

மீதிப் பாதி, தலைக்குக் கீழே புழுவைப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பது. மலிவான ஜிக் ஹெட்டில் ஈயத்திலேயே ஒரு கழுத்தும் அதில் ஒரு முள்முளையும் வார்த்திருப்பார்கள். தடித்த புழுவுக்கு அது சரி. பென்சில் தடிமன்கூட இல்லாத புழுவில் அதை ஏற்றினால், பிடித்துக்கொள்ள வேண்டிய முளையே மூக்கைப் பிளந்துவிடும். இன்னொரு வகையில் முளைக்குப் பதில் மெல்லிய கம்பி இருக்கும். துளையைப் பெரிதாக்காமல் உள்ளே போய்ப் பின்பக்கமாக மாட்டிக்கொள்ளும். மூன்றாவது வகை திருகு: சின்னச் சுருள்கம்பியில் புழுவின் மூக்கைத் திருகி ஏற்றுவது. புதுப் புழுவில் அருமையாகப் பிடிக்கும். ஆனால் நான்கைந்து மீனுக்குப் பிறகு உள்சதையை அரைத்துப் பொடியாக்கிவிடும், பிறகு எத்தனை சுற்றுத் திருகினாலும் வெறும் சுற்றுதான். எனக்குக் கம்பி வகைதான் பிடிக்கும். அதற்கு விலை கொஞ்சம் கூட, கடைகளிலும் எப்போதும் கிடைப்பதில்லை.

கம்பியும் போதாதபோது பசை. நம் ஊரில் ஃபெவிக்விக் என்று சொல்கிற அதே சயனோஅக்ரிலேட்தான். அது காற்றிலும் பொருளின் மேலும் உள்ள ஈரத்தால் இறுகுகிற பசை. ஈரப் புழுவில் வைத்தால் மூக்கு தலையைத் தொடும் முன்பே பாதி வழியில் ஒட்டிக்கொள்ளும். புழுவின் மேல் கசிகிற எண்ணெயையும் துடைக்க வேண்டும். தண்ணீர் போல ஓடுகிற வகையைவிட ஜெல் வகை நல்லது, வைத்த இடத்தில் நிற்கும். முக்கால்வாசி ஏற்றிய பிறகு கழுத்தில் ஒரு சொட்டு வைத்து, மூக்கைத் தலையோடு அழுத்தி, பத்து எண்ணினால் போதும். பலர் புழு கிழிந்த பிறகு பசையைத் தேடுகிறார்கள். கிழிவதற்கு முன்பு வைக்கிற சொட்டுக்குத்தான் பலன். ஒரே குறை, அடுத்த புழு மாற்றும்போது பழையதைக் கத்தியால் சுரண்ட வேண்டும். படகில் உட்கார்ந்து சுரண்டுகிற நேரத்தில் மீன் கூட்டம் போயே போய்விடும்.

அண்ணனுக்குப் பசை ஆகாது. விரலில் ஒட்டிக்கொள்கிறதாம். அவர் தடித்த தங்கூசியில் அரை அங்குலம் வெட்டி, மூக்குக்குக் கொஞ்சம் கீழே, தலைக்கும் தண்டின் முளைக்கும் நடுவே குறுக்கே குத்தி, இரு பக்கமும் ஒட்ட நறுக்கிவிடுவார். ஆணி அடித்த மாதிரி நிற்கும். அமெரிக்கத் தூண்டில்காரர்களுக்கும் இந்த வித்தை தெரியும். சிலர் பல்குச்சி முனையை ஒடித்து வைப்பதுண்டு. மின் கம்பிக்குப் போடுகிற சூட்டில் சுருங்கும் உறையைத் தண்டின் மேல் ஏற்றித் தடிமனாக்குகிறவர்களும் உண்டு. "பசை வச்சா மீன் மோந்து பாக்கும் தம்பி" என்று அண்ணன் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. காய்ந்த பசையால் மீன் விலகியதை நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் கிழியாத புழு வந்துவிட்டது. இஸட்-மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் புழு வினைல் அல்ல, ரப்பர் போல இழுபடுகிற வேறொரு பொருள். பல மடங்கு நீளும், ஒரு புழுவில் நாள் முழுக்கப் பிடிக்கலாம், தானாக மிதப்பதால் அடியில் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கன்சாஸ்காரர் நெட் கேஹ்டியின் பெயரால் 'நெட் ரிக்' என்று புகழ்பெற்ற முறையில், காளான் வடிவத் தலையில் விரல் நீளத் துண்டாக ஏற்றுவதற்கு இதைத்தான் இப்போது பெரும்பாலோர் வாங்குகிறார்கள். அந்தத் தலையின் பின்பக்கம் தட்டையாக இருப்பதால் புழு அதோடு ஒட்டி உட்காரும். ஆனால் இழுபடுகிற பொருளுக்கு ஒரு குணம் உண்டு: முளையின் மேல் ஏற மறுக்கும், ஏறினால் அதைத் தாண்டிப் பின்வாங்கவும் செய்யும். வினைல் கிழிந்து கழன்றது, இது கிழியாமலே கழலும். மறுபடியும் ஜெல் பசைதான். இதை மற்றப் பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே பெட்டியில் போட்டு வைத்தால் இரண்டும் உருகி ஒன்றாகிவிடும் என்பது தனித் தலைவலி.

எதிர்த்துருவத்தில் கேரி யமமோட்டோவின் சென்கோ. உப்பை அள்ளிக் கொட்டிச் செய்த புழு. உப்பு எடை கொடுக்கிறது, படுத்த வாக்கில் நடுங்கிக்கொண்டே இறங்குகிறது, பாஸ் விட மனமில்லாமல் வாயில் வைத்திருக்கிறது. அதே உப்புதான் பிளாஸ்டிக்கின் பிடிப்பைக் குலைக்கிறது. ஒரு மீன், சில சமயம் அரை மீன், அவ்வளவுதான் அதன் ஆயுள். காசைப் பார்த்தால் எலாஸ்டெக், மீனைப் பார்த்தால் சென்கோ என்று நான் இரண்டையும் எடுத்துப் போகிறேன். தண்ணீர் குளிர்ந்து மீன் மந்தமாக இருக்கும் நாளில் சென்கோதான் முதலில் கைக்கு வரும்.

கழன்ற புழு எங்கே போகிறது என்பதையும் பேச வேண்டும். ஏரி அடியில் கிடக்கும், மீன் விழுங்கும். 2013-இல் மேய்ன் மாநிலத்தில் ரப்பர் இரைகளையே தடை செய்யலாமா என்று சட்ட முன்வடிவு வரை போய்த் தடை இல்லாமல் நின்றது. சட்டத்துக்கு முன்பே தூண்டில்காரர்கள் செய்யக்கூடியது, புழுவைத் தலையில் நிற்க வைப்பது. கிழிந்ததைத் தண்ணீரில் வீசாமல் டப்பாவில் போட்டுக்கொள்வது அதற்கு அடுத்தது.

எங்கள் டப்பா நிறைந்ததும் அண்ணன் வீட்டுக் கராஜுக்குப் போகும். கதவைத் திறந்து வைத்து, விசிறி போட்டு, வினைல் புழுக்களை மட்டும் பொறுக்கி உருக்குவார்; சூடு மீறினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும் என்பதால் முகக்கவசம் கட்டாயம். எல்லா நிறமும் கலந்து கடைசியில் ஒரே சேற்றுப் பச்சைதான். சென்கோவின் உப்பு பாத்திரத்து அடியில் தங்கிவிடும். மறுபடி காய்ச்சும்போது பிளாஸ்டிக் இறுகுவதால் மென்மையூட்டி எண்ணெய் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் வார்த்தால் ஜிக் ஹெட்டில் நாள் முழுக்க அசையாமல் நிற்கும், ஆனால் பாஸ் வாயில் வைத்ததும் துப்பிவிடும். நிறையச் சேர்த்தால் முதல் வீச்சிலேயே பறந்துபோகும். இந்த முறை ஒரு மூடி போதும் என்கிறார் அண்ணன், இரண்டாவது ஊற்றுங்கள் என்கிறேன் நான்.