குந்து ஆயா

காலை ஆறரை மணி. மண்ணூர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நின்று போகின்றன. கழுத்தில் அடையாள அட்டையும் ஈரம் காயாத தலையுமாகச் சின்னப் பெண்கள் தூங்கிக்கொண்டே ஏறுகிறார்கள். ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கிக்கொண்டே இறங்குகிறார்கள்.

டீக்கடை பெஞ்சுக்கு எதிரே இரண்டு வீடுகள். முதல் வீட்டு வாசலில் நீல பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஓர் ஆயா. பக்கத்தில் நான்கு கால் வாக்கர். பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து பிளேட் வைத்திருக்கிறதாம். டீ மாஸ்டர் யாரிடமோ சொன்னது என் காதிலும் விழுந்தது. மருமகள் டீயும் இரண்டு பொறையும் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். நாற்காலியிலிருந்து எழ அவசியமே வராதபடி வீடு அவரைப் பார்த்துக்கொள்கிறது.

அடுத்த வீட்டு ஆயாவுக்கும் எழுபதை ஒட்டித்தான் வயது இருக்கும். தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடத்தோடு வருகிறார். வாசலுக்கு நாலு அடி இருக்கும்போது நிற்கிறார். செருப்புக்குள் கல். குடத்தை இறக்கி வைத்து, ஒரு காலில் நின்று, மறுகால் செருப்பைக் கழற்றி உதறி, திரும்ப மாட்டிக்கொள்கிறார். சுவரைப் பிடிக்கவில்லை, உடம்பு ஆடவும் இல்லை. பிறகு குடத்தைத் தூக்கிய விதம்தான் பார்க்க வேண்டியது. முதுகை வளைக்கவே இல்லை. முழங்காலை மடித்துக் குந்தி, குடத்தைத் தொடைக்கு ஏற்றி, தொடையிலிருந்து இடுப்புக்குக் கொண்டுபோய் ஒரே மூச்சில் எழுந்துவிட்டார்.

ஏறக்குறைய இதே அசைவைத்தான் ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பளுத்தூக்கும் கம்பியை வைத்துச் செய்யவைத்தார்கள். எலும்பு அடர்த்தி குறைந்துபோன, சராசரி 65 வயதுப் பெண்கள். பயிற்சியாளரின் கண்காணிப்பில் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம். 2018ல் முடிவு வெளியானது. பளு தூக்கியவர்களின் கீழ்முதுகில் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்தது. வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. எலும்பைக் கரைக்கும் செல்களும் கட்டும் செல்களும் உயிர் உள்ளவரை ஓய்வதில்லை. கட்டும் செல்களை முடுக்கிவிடுவது எலும்பின் மேல் விழும் பாரம். பாரமே இல்லாத விண்வெளியில் வீரர்கள் இடுப்பெலும்பில் மாதம் 1 சதவீதத்துக்கும் மேல் இழக்கிறார்கள். நீல நாற்காலியில் அவ்வளவு வேகம் கிடையாது. போகிற திசை மட்டும் அதுதான்.

1998ல் இதே வட்டாரத்து இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தபோது இந்த இரண்டு ஆயாக்களுக்கும் நாற்பதைத் தாண்டியிருக்கும். பெண்ணுக்கு எலும்பு மிக வேகமாகத் தேய்வது மாதவிலக்கு நின்றபின் வரும் முதல் சில வருடங்களில். நாற்று நடவும் களையெடுப்பும் இந்தப் பக்கம் குறையத் தொடங்கியதும், கிரைண்டரும் மிக்சியும் வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய அதே வருடங்களில்தான். உடம்பு இழக்கத் தொடங்கிய நேரம் பார்த்து உழைப்பும் கைவிட்டது.

அதற்காகப் பழைய உழைப்பே போதும் என்று பெருமை பேச நான் தயாரில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் குறைந்த வருமானக் குடும்பத்துப் பெண்களைப் பரிசோதித்து 2005ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அறுபதுக்குக் கீழே வயதுள்ள அந்தப் பெண்களில் பலருக்கு எலும்பு வலுவிழந்திருந்தது. அவர்கள் சாப்பாட்டில் ஒரு நாளைக்குக் கிடைத்த கால்சியம் 300 மில்லிகிராம்கூட இல்லை. வேண்டியது 1000. கட்டச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டுக் கல்லும் மணலும் தராவிட்டால் கொத்தனார் என்ன செய்வார்?

இரண்டாவது ஆயா இப்போது திண்ணையில் உட்கார்ந்து சொம்பில் கூழ் குடிக்கிறார். தொட்டுக்கொள்ள வறுத்த நெத்திலிக் கருவாடு. முள்ளோடு மென்று விழுங்குகிறார். நூறு கிராம் கேழ்வரகில் கால்சியம் சுமார் 350 மில்லிகிராம். முள்ளில் இருப்பது தனிக்கணக்கு. பக்கத்து வீட்டுப் பொறையில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

கூழ் முடிந்து ஆயா மறுபடி குடத்தை எடுக்கப் போகும்போது ஒரு பஸ் நிற்கிறது. ராத்திரி ஷிப்ட் முடிந்த பேத்தி. இறங்கியதும் ஓடிவந்து குடத்தைப் பிடுங்குகிறாள்.

"உனுக்கு இன்னாத்துக்கு ஆயா இந்த வேலயெல்லாம்? நீ குந்து."

அத்தனையும் பாசம். முதல் வீட்டு நாற்காலியும் இப்படி ஒரு பாசத்தில்தான் வாசலுக்கு வந்திருக்கும். அந்தப் பேத்தியைப் பார்த்தால்தான் எனக்குக் கூடுதல் கவலை. எலும்பு பெரும்பாலும் சேர்வது முப்பது வயது வரைதான், பிறகு வரவைவிடச் செலவே அதிகம். அவளோ டியூப்லைட் வெளிச்சத்தில் ராத்திரியைக் கழித்துவிட்டுப் பகலில் கதவைச் சாத்தித் தூங்குகிறவள். இளவெயில் எலும்புக்கு நல்லது என்று ஊரே நம்புகிறது. நம் அட்சரேகையில் வைட்டமின் டி ஊறுவது பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை அடிக்கும் வெயிலில்தான். அவள் தூங்கும் நேரம் அது.

எட்டு மணிவாக்கில் பையோடு ஓர் அக்கா வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர். வாக்கர் ஆயாவுக்குப் பிரஷர் பார்த்து, மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்கிறார். ஆயா நாற்காலியிலேயே இருக்கிறார்.

ஒருமுறை இடுப்பு உடைந்தவரைக் குடம் தூக்கச் சொல்லக்கூடாது. டாக்டர் கொடுத்த மருந்தையும் நிறுத்தக்கூடாது. ஆனால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நிற்பது, இதெல்லாம் ஆள் பக்கத்தில் இருந்து பழக்கினால் வரும். பழக்கிவிட ஆளும் உண்டு. அதே திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபி சேவை இருக்கிறது, காசு கிடையாது. அடுத்தமுறை மாத்திரை கொடுக்க வருகிறவரிடம் அதையும் கேளுங்கள்.