அப்பாவின் குறட்டை

பகாவ் வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீடுகள் இருந்த காலத்தில், ஒருவர் விடும் குறட்டை ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. எங்கள் லயத்தில் இடைச்சுவர் கூரையைத் தொடாது. ஐந்தாம் கதவில் தாத்தா விட்ட குறட்டையை ஏழாம் கதவுக்காரர் மறுநாள் பெரட்டில் சொல்லிக் கேலி செய்வாராம். யாரும் அதை நோய் என்று எண்ணவில்லை. "உழைத்த உடம்பு, அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறது" என்று பாட்டி பெருமையாகவே சொல்வார்.

ஆனால், தாத்தாவின் நாள் வேறு. அப்பாவின் நாள் வேறு. தாத்தா விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பால்மரம் வெட்டியவர். பிறகு வாளியைச் சுமந்தவர். என்ன சாப்பிட்டாலும் வெயில் ஏறுமுன் அது கரைந்துவிடும். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு எங்கள் குடும்பம் பகாவ் பட்டணத்துத் தாமானுக்குக் குடிவந்தது. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரியை ஓட்டுகிறார். பகல் முழுவதும் உட்கார்ந்தே இருக்கும் வேலை. சாப்பாடு மட்டும் தாத்தா காலத்துச் சாப்பாடு. போதாக்குறைக்கு இரவு பத்து மணிக்கு ரொட்டி சானாய், தே தாரேக். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதைக் கடந்தவர்களில் 38.1 விழுக்காட்டினரின் இரத்தத்தில் கொலஸ்டரால் மிகுதி. 2023ஆம் ஆண்டின் ஆய்வில், பெரியவர்களில் பாதிப் பேருக்கும் மேல் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள்.

அப்பாவின் குறட்டையில் ஒரு வேறுபாடு இருந்தது. அது இடையில் அறுந்துபோகும். சத்தம் உச்சத்துக்கு ஏறும். திடீரென்று வீடே அமைதியாகிவிடும். அந்த அமைதியில் அம்மா எண்ணத் தொடங்குவார். ஒன்று, இரண்டு, மூன்று... சில வேளைகளில் இருபத்தைந்து வரை போகும். பிறகு, தண்ணீரில் மூழ்கியவர் மேலே வந்ததைப்போல் அப்பா மூச்சை இழுப்பார். அம்மா எண்ணுவதை நிறுத்துவார். இப்படி எத்தனை ஆண்டுகள் என்று கேட்டால், "நீ தொட்டிலில் கிடந்தபோதே" என்பார். காலையில் அப்பா தலைவலியோடு எழுவார். அம்மா தூங்காத கண்களோடு பசியாறல் செய்வார்.

ஒரு நாள் கோலப்பிலா சாலையில் அப்பாவின் லாரி புல்வெளியில் ஏறி இறங்கியது. "பாரம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது" என்று அப்பா சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை இரத்தப் பரிசோதனைக்கு அப்பா கிளினிக்குக் கிளம்பியபோது, தாமும் சேலையை மாற்றிக்கொண்டு நின்றார். நானும் போனேன்.

டாக்டர் இளம்பெண். தாளைப் பார்த்தார். டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 3.4. அது 1.7க்குக் கீழே இருக்க வேண்டும். நல்ல கொலஸ்டரால் என்று நாம் சொல்லும் எச்.டி.எல். 0.8. ஆண்களுக்கு 1.0க்குக் குறையக் கூடாது. ஓராண்டாக அப்பா நெய்யையும் சந்தனையும் (தேங்காய்ப்பாலை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம்) குறைத்தும் இந்த இரண்டு எண்களும் அசையவில்லை.

"அங்கிள், இரவில் நன்றாகத் தூங்குகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"படுத்தால் போதும் டாக்டர், உடனே தூங்கிவிடுவேன்."

"தூங்குகிறார். மூச்சுத்தான் விடுவதில்லை" என்றார் அம்மா, பின்னால் நின்றபடி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இழுப்பறையிலிருந்து ஒரு வினாத்தாளை எடுத்துக் கொடுத்தார். 1991இல் மெல்பர்னைச் சேர்ந்த மரே ஜான்ஸ் என்ற மருத்துவர் உருவாக்கியது அது. படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது என எட்டுச் சூழல்கள். ஒவ்வொன்றிலும் கண் சொக்கும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை எண் கொடுக்க வேண்டும். கூட்டுத்தொகை 10ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மிஞ்சியது என்று பொருள். அப்பா தமக்கு 6 போட்டுக்கொண்டார். அம்மா பேனாவை வாங்கித் திருத்தினார், 17 ஆனது.

பிறகு அப்பாவைச் சிரம்பானுக்கு அனுப்பினார்கள். விரலிலும் மூக்கிலும் மார்பிலும் கருவிகளை மாட்டிக்கொண்டு அவர் ஓர் இரவு தூங்கினார். மணிக்கு 34 முறை மூச்சு நின்றோ பாதியாய்த் தேய்ந்தோ போயிருந்தது. பத்து விநாடிக்குக் குறையாத தடைகளை மட்டுமே கணக்கில் சேர்ப்பார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. முப்பதைத் தாண்டினால் கடுமை. இதற்குப் பெயர் உறக்க மூச்சுத்தடை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. கழுத்தைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தவர்களுக்குக் காற்றுப்பாதை மூடிக்கொள்கிறது.

தூக்கத்துக்கும் இரத்தத்தில் உள்ள கொழுப்புக்கும் என்ன தொடர்பு? டாக்டர் விளக்கியதை நான் வீட்டில் பாட்டிக்குத் தோட்டத்துப் பாணியில் சொன்னேன். பெரட்டு மணி அடித்தால் எல்லாரும் கத்தியும் வாளியுமாக வெளியே வருவார்கள் அல்லவா? மூச்சு நின்று ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் உடம்புக்குள் அப்படி ஒரு மணி அடிக்கிறது. 'ஆபத்து, ஓடு' என்று அட்ரினலின் சுரக்கிறது. ஓடுவதற்கு எரிபொருள் வேண்டுமே என்று, சேமித்து வைத்த கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் இறங்குகின்றன. ஆனால், அப்பா ஓடவில்லை, கட்டிலில் கிடக்கிறார். வேலையில்லாமல் அலையும் அந்தக் கொழுப்பைக் கல்லீரல் பிடித்து, டிரைகிளிசரைடாகக் கட்டி, மீண்டும் இரத்தத்திலேயே விடுகிறது. இரவெல்லாம் இதே கூத்து. "மணிக்கு முப்பது தடவை பெரட்டா! கங்காணிகூட அப்படிச் செய்ததில்லையே" என்றார் பாட்டி.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆக்சிஜன் அடிக்கடி குறைந்து ஏறும் காற்றில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். அவற்றின் கல்லீரல் கூடுதல் கொழுப்பை உண்டாக்கியது. இரத்தத்திலிருந்து கொழுப்பை அகற்றும் நொதியும் மந்தமானது. ஆனாலும், மனிதர்களிடம் இதைப் பிரித்தறிவது எளிதன்று. பருத்த உடம்பு ஒன்றே மூச்சுத்தடையையும் கொண்டுவரும், இரத்தக் கொழுப்பையும் ஏற்றும். மெலிந்தவர்களுக்கும் மூச்சுத்தடை வருவதுண்டு. குறட்டை விடும் எல்லாருக்கும் அது இருப்பதுமில்லை.

அப்பாவுக்குக் கிடைத்தது மூக்கில் பொருத்தும் காற்றழுத்தக் கருவி. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் இதை உலகுக்கு அறிமுகம் செய்தார். மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கும். அவ்வளவுதான் அதன் வேலை. விலையைக் கேட்டதும் அப்பா எழுந்துவிட்டார். சில ஆயிரம் ரிங்கிட். அண்ணன் தன் சேமிப்பில் பாதியைக் கொடுத்தான். முதல் வாரம் அப்பா நள்ளிரவில் முகமூடியைக் கழற்றி எறிந்தார். "யானை மாதிரி இருக்கிறேன்" என்றார். "யானைக்கு மூச்சாவது ஒழுங்காக வருகிறது" என்று அம்மா மறுபடியும் மாட்டிவிட்டார்.

இந்தக் கருவியைப் பயன்படுத்துபவர்களை வைத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கருவியோடு தூங்கிய இரவையும் அது இல்லாமல் தூங்கிய இரவையும் ஒப்பிட்டனர். கருவி இல்லாத இரவில் கொழுப்பு அமிலமும் சர்க்கரையும் இரத்தத்தில் ஏறியிருந்தன. பாட்டியிடம் நான் சொன்ன பெரட்டு மணியை அவர்கள் இரத்தத்திலேயே அளந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

எட்டு மாதங்களில் அப்பாவின் டிரைகிளிசரைடு 2.2க்கு இறங்கியது. நான் கருவியைப் புகழ்ந்தேன். டாக்டர் ஒப்பவில்லை. அப்பா ஏழு கிலோ குறைந்திருக்கிறார், மாத்திரையும் சாப்பிடுகிறார், மாலையில் திடலைச் சுற்றி நடக்கிறார், இரவு ரொட்டி சானாய் நின்றுவிட்டது. எது எவ்வளவு குறைத்தது என்று பிரிக்க முடியாது என்றார். கருவி மட்டும் தனியாக இரத்தக் கொழுப்பைப் பெரிதாகக் குறைத்துவிடாதாம். மாத்திரையை நிறுத்தலாமா என்று அப்பா கேட்க நினைத்தது அவர் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். "நிறுத்தக் கூடாது அங்கிள்" என்று டாக்டர் முந்திக்கொண்டார்.

லாரி இப்போது நேராகப் போகிறது. அம்மாவுக்குத்தான் தூக்கம் வர நாளாயிற்று. அமைதியானால் எண்ணிப் பழகியவர், அப்பா சத்தமில்லாமல் மூச்சு விடும் இரவுகளில் விழித்துக்கொண்டு அவர் மார்பில் கைவைத்துப் பார்த்தார்.

கிளம்பும்போது டாக்டர், "வீட்டில் வேறு யாராவது குறட்டை விடுகிறார்களா?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் அண்ணனைப் பார்த்தோம். அவனுக்கு வயது இருபத்தாறுதான். வரும் புதன்கிழமை இரத்தம் எடுக்கப் போகிறான்.