அழிக்காமல் சேர்ப்போம்

ஜொகூர் மாநிலத்தின் கூலாய், செடெனாக் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு அருகே தரவு மையங்கள் எழுந்துள்ளன. உலகெங்கும் இத்தகைய மையங்களில் உள்ள கணினிகளில் பெரும்பாலானவை லினக்ஸ் இயங்குதளத்தில் செயல்படுகின்றன. அதே லினக்ஸைப் பழைய மடிக்கணினியிலும் இலவசமாக நிறுவலாம். வீட்டிலிருந்தபடியே பைத்தான் மொழியில் நிரல் எழுதிப் பழகலாம்.

லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவின் 22.04 பதிப்பு, பைத்தான் 3.10 உடன் வருகிறது. இது 3.9க்கு அடுத்த பதிப்பு. கணிதப் பாடத்தில் 3.10 என்பது 3.9ஐவிடச் சிறியது, இங்கோ புள்ளிக்குப் பின் நிற்பது பத்து! ஒரு மாணவருக்கு 3.12 தேவைப்படுகிறது என வைத்துக்கொள்வோம். பழையதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவலாம் என்றே அவருக்கு முதலில் தோன்றும்.

அதைவிட ஆபத்தான முடிவு வேறில்லை. கணினியோடு வந்த பைத்தான், பயனருக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. இயங்குதளமே தன் பணிகளுக்கு அதை நம்பியிருக்கிறது. அதை நீக்கினால், அதைச் சார்ந்த மென்பொருள்களும் வரிசையாக நீங்கும். திரையில் காணும் முகப்பே மறைந்துபோகலாம். நீக்காமல், அதன் இடத்தில் வேறு பதிப்பை அமர்த்தினாலும் தொல்லைதான். உபுண்டுவில் கட்டளை தட்டச்சு செய்யும் முனையச் சாளரத்தைத் திறப்பதே ஒரு பைத்தான் நிரல். பதிப்பு மாறினால் அச்சாளரம் திறக்க மறுக்கலாம். பழுதைச் சரிசெய்ய வேண்டிய இடமே பூட்டிக்கொண்டால் என்ன செய்வது?

பதிப்பில் அப்படி என்ன வேறுபாடு? ‘தமிழ்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி அதில் மூன்று எழுத்துகள். லினக்ஸில் பைத்தான் 2இடம் அதன் நீளத்தைக் கேட்டால் 15 என்னும். பைத்தான் 3 அதை 5 என்னும். முன்னது, சேமிக்கப் பயன்படும் பைட்டுகளை எண்ணுகிறது. பின்னது, த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யுனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது. மூன்று என்ற விடையைப் பெற, ‘ஓப்பன் தமிழ்’ போன்ற நிரல் தொகுப்பின் துணை வேண்டும். பைத்தான் 3 வெளிவந்தது 2008இல். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாள் முடிவுற்றது. ஆயினும், பழைய பதிப்புக்கென எழுதிய தமிழ் நிரலைப் புரிந்துகொள்ள, அதே பதிப்பில் அதை இயக்கிப் பார்ப்பதே நேர்வழி.

ஆகவே, பதிப்புகளை அருகருகே வைப்பதே நலம். இதற்குப் ‘பைஎன்வி’ என்னும் கருவி உதவுகிறது. ஒவ்வொரு பதிப்பையும் அது பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் நிறுவும். இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாது. கட்டளை ஒன்றைப் பெற்றதும் கணினி சில கோப்புறைகளை வரிசையாகத் தேடி, முதலில் கிடைப்பதை இயக்கும். பைஎன்வி அவ்வரிசையின் முன்னால் நின்றுகொள்கிறது. எந்தப் பதிப்பு வேண்டுமோ அதனிடம் கட்டளையை அனுப்புகிறது. ஒவ்வொரு பணிக்கும் உரிய பதிப்பின் எண்ணை அந்தப் பணியின் கோப்புறையிலேயே சிறு கோப்பாக எழுதி வைக்கலாம். அக்கோப்புறையை நண்பர் பெற்றுக்கொண்டால், எதை நிறுவ வேண்டும் என்று அவர் கேட்க வேண்டியதில்லை.

ஒன்றுக்கு மட்டும் பொறுமை வேண்டும். பைஎன்வி பெரும்பாலும் மூல நிரலிலிருந்தே பைத்தானை உருவாக்குவதால், பழைய மடிக்கணினியில் ஒரு பதிப்பை நிறுவப் பல நிமிடங்கள் பிடிக்கும்.